ரெண்டு பேரா மலையேறப் போறீங்களா? மூணாவது ஆள் யாருன்னு முடிவு பண்ணிட்டீங்களா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் முடிகிற நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும்: ‘மச்சி, நாளைக்கு மலைக்குப் போலாமா?’ அடுத்த பத்து நிமிடத்தில் எல்லாம் முடிவாகிவிடும். ஒரு பைக், ஆளுக்கொரு பேக், வழி பார்க்க கையில் போன். பெரிய கூட்டமாகப் போனால் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். இருவர் என்றால் அந்தத் தொல்லை இல்லை. நினைத்த இடத்தில் உட்காரலாம், பேசிக்கொண்டே நடக்கலாம், பேசாமலும் நடக்கலாம். மலையை ரசிக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

ஆனால் ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். நால்வர் போகும்போது ஒருவருக்குக் கால் பிசகினால், ஒருவர் அவருக்குத் துணையாக இருக்க, மற்ற இருவர் உதவி தேடிப் போகலாம். இருவர் மட்டும் போயிருந்தால்? அடிபட்டவர் காட்டில் தனியாக. உதவிக்கு ஓடுபவரும் தனியாக. அவரும் வழி தவறினால் இருவரையும் தேட வேண்டியிருக்கும். எனவே இருவராகப் போகிறவர்கள் கிளம்பும் முன்பே மூன்றாவது ஆள் ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அவர் உங்களுடன் நடந்து வரும் வனத்துறை வழிகாட்டியாக இருக்கலாம். வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் அக்காவாகவும் இருக்கலாம். இரண்டு பேரும் இருந்தால் ரொம்ப நல்லது.

காட்டுக்குள் போக அனுமதி

2018 மார்ச் 11-ஆம் தேதியை மறந்திருக்க மாட்டீர்கள். தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்றிருந்த 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரும்பாலானோர் இளைஞர்கள், ஊருக்குப் புதியவர்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் தனி விதிகள் 2018-லேயே கொண்டுவரப்பட்டன. பாதைகளை வகைப்படுத்துவது, அனுமதி பெறுவது, வழிகாட்டியுடன் செல்வது எல்லாம் அந்த விதிகளில் வருகின்றன.

‘நம்ம ஊர் மலைதானே, யாரைக் கேக்கணும்?’ என்று கேட்பவர்கள் இப்போதும் உண்டு. காப்புக்காட்டில் அத்துமீறி நுழைவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். யூடியூப் வீடியோவில் யாரோ போய் வந்தார்கள் என்பதால் அந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பொருளில்லை. அபராதத்தை விடுங்கள். அனுமதியில்லாமல் போனவர் காணாமல் போனால், அவர் எந்த மலையில் ஏறினார் என்பதே யாருக்கும் தெரியாது. தேடுதல் தொடங்கவே ஒரு நாள் கடந்துவிடும். நுழைவுப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருந்தாலே, ‘காலையில் போன ரெண்டு பேர் இன்னும் இறங்கலையே’ என்று மாலையில் ஒருவர் கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகவே பதிவு செய்யலாம்.

இப்போது அனுமதி வாங்குவதும் சுலபம். 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. எளிது, மிதமானது, கடினம் என்று மூன்று வகை. அதன் இணையதளத்தில் பாதையைத் தேர்ந்தெடுத்து, தேதி குறித்து, அடையாள விவரம் கொடுத்து, ஆன்லைனிலேயே பணம் கட்டிவிடலாம். அந்தப் பகுதியில் வாழும் பழங்குடியினரும் வனத்தையொட்டிய கிராமத்தவரும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக உடன் வருகிறார்கள். கட்டணம் கொஞ்சம் அதிகம் என்று தோன்றலாம். ஆனால் இருவராகப் போகிறவர்களுக்கு, யானை வாசனையைக் காற்றிலேயே கண்டுபிடிக்கிற ஒரு மூன்றாவது ஆள் அந்தப் பணத்தில் கிடைக்கிறார்.

முதன்முறை போகிறவர்கள் கொஞ்சம் அடக்கமாகவே தொடங்குங்கள். கோத்தகிரி லாங்வுட் சோலையில் நடப்பதே போதும், சோலைக்காடு என்றால் என்னவென்று தெரிந்துவிடும். சென்னைக்காரர்களுக்குத் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைகள் பக்கம். அதற்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில்தான் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார். கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு இறங்கும் பாதையில் முழங்காலுக்கு நல்ல வேலை இருக்கிறது. அந்த ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்கும் வழக்கமில்லை, ஷூவைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பார்சன்ஸ் வேலியிலிருந்து முக்கூர்த்தி பக்கம் போகும் பாதையெல்லாம் உடம்பு பழகியவர்களுக்கானது. அதை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கோடையில் காட்டுத்தீ அபாயம் இருப்பதால், பொதுவாக பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை பாதைகள் மூடப்படும். கனமழை எச்சரிக்கை வந்தாலும் மூடுவார்கள். போகும் நாளன்று காலையில் ஒருமுறை இணையதளத்தையோ அந்த வனச்சரக அலுவலகத்தையோ கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் என்றால் இ-பாஸ்

மலையேற்ற அனுமதி வேறு, இ-பாஸ் வேறு. பலர் இதில்தான் குழம்புகிறார்கள். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் செல்ல இ-பாஸ் வேண்டும். மொபைல் எண்ணைப் பதிவு செய்து, வாகன எண், வருபவர்கள் எத்தனை பேர், எங்கே தங்குகிறீர்கள், என்றைக்குத் திரும்புகிறீர்கள் என்று நிரப்பினால் கியூஆர் குறியீட்டுடன் பாஸ் வந்துவிடும். இதற்குக் கட்டணம் இல்லை. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை.

2025 ஏப்ரலில், கோடை சீசனுக்காக வாகன எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000. இப்படி வரம்பு இருக்கும்போது, ராத்திரி 11 மணிக்கு முடிவெடுத்து விடிகாலையில் சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு பாஸ் தேடுவது சரிப்படாது. பாஸைப் படமாகவும் போனில் சேமித்துவையுங்கள். சாவடியில் நெட் கிடைக்காத நாட்கள் உண்டு.

இந்த இரண்டு இடங்களிலும் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை. ஸ்டீல் பாட்டில் கொண்டுபோங்கள். ஆளுக்கு 2 லிட்டராவது வேண்டும்.

போன்: எவ்வளவு நம்பலாம்?

போனை முழுக்க நம்பவும் வேண்டாம், வீட்டில் வைத்துவிட்டுப் போகவும் வேண்டாம். அதற்கு எது முடியும், எது முடியாது என்று தெரிந்துகொண்டால் போதும்.

சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். அது செயற்கைக்கோளிலிருந்து வருவது, செல்போன் கோபுரத்தை நம்பியிருப்பதில்லை. பிரச்சினை வரைபடத்தில்தான். நெட் இல்லையென்றால் வெற்றுத் திரையில் நீலப் புள்ளி மட்டும் நிற்கும். எனவே கிளம்பும் முன் வீட்டு வைஃபையில் அந்தப் பகுதியின் வரைபடத்தை ஆஃப்லைனாக இறக்கிவையுங்கள். அதில் தார்ச்சாலை தெரியும், ஒற்றையடிப் பாதை எல்லாமே தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். வரைபடம் காட்டுகிறது என்பதற்காக வழிகாட்டி வேண்டாமென்று சொன்ன பாதையில் இறங்காதீர்கள்.

அடுத்தது பேட்டரி. சிக்னல் பலவீனமான இடத்தில் போன் விடாமல் கோபுரத்தைத் தேடிக்கொண்டே இருக்கும், அதனால் வழக்கத்தைவிட வேகமாகச் சார்ஜ் இறங்கும். குளிரிலும் பேட்டரி சோர்ந்துபோகும். இருவராகப் போவதில் இங்கே ஒரு வசதி உண்டு. ஒருவர் போனில் போட்டோ, வரைபடம் எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவர் போனை முழு சார்ஜோடு அணைத்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, உடம்பை ஒட்டிய பையில் வையுங்கள். அது அவசரத்துக்கு மட்டும். ‘ஒரே ஒரு ரீல்ஸ் எடுத்துட்டு ஆஃப் பண்ணிடறேன்’ என்று நண்பர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்! இன்னொரு விஷயம்: இருவர் சிம்மும் ஒரே நிறுவனமாக இருக்க வேண்டாம். ஒன்று கிடைக்காத வளைவில் இன்னொன்று கிடைக்கும்.

அவசரத்துக்கு 112. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் இந்த ஒரே எண். உங்கள் சிம்முக்கு அலை இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் அலை அங்கே இருந்தால் 112 அழைப்பு போக வாய்ப்புண்டு. திரையில் ‘அவசர அழைப்பு மட்டும்’ என்று வந்தால் அதற்கு அதுதான் அர்த்தம். அழைப்பு எடுக்கவில்லையா? எஸ்எம்எஸ் முயன்று பாருங்கள். பேச முடியாத அளவு மெல்லிய அலையிலும் குறுஞ்செய்தி போய்விடும். நீங்கள் நிற்கும் இடத்தை வரைபடத்தில் விரலால் அழுத்திப் பிடித்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வரும். அந்த எண்களை அப்படியே செய்தியில் போடுங்கள். ‘பெரிய பாறைக்குப் பக்கத்துல இருக்கோம்’ என்றால் மலையில் யாருக்குப் புரியும்? எல்லாமே பெரிய பாறைதான்.

கிளம்பும் முன் தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலி, வானிலை எச்சரிக்கைகளைத் தமிழில் தரும் ‘டிஎன் அலர்ட்’, இடி மின்னலை முன்கூட்டிச் சொல்லும் ‘தாமினி’ மூன்றையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். இவற்றுக்கு நெட் வேண்டும். ஆகவே அடிவாரத்திலேயே கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வீட்டில் இருக்கும் மூன்றாவது ஆள்

அம்மாவுக்கு ‘ஃப்ரெண்டோட வெளிய போறேன்மா’ என்று சொல்லிவிட்டுப் போவது தகவல் ஆகாது. பதற்றப்படாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவருக்கு ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்: எந்த மலை, எந்தப் பாதை, எங்கே ஏறி எங்கே இறங்குகிறோம், வண்டி எண், கூட வருபவர் பெயரும் அவர் வீட்டு எண்ணும், வழிகாட்டியின் எண், எத்தனை மணிக்கு இறங்குவோம். கடைசி வரி முக்கியம்: ‘ராத்திரி 8 மணிக்குள்ள என்கிட்ட இருந்து போன் வரலன்னா 112-க்குக் கூப்பிடு.’ இந்த மணியை நீங்கள் எழுதிக் கொடுக்காவிட்டால், கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசித்தே அவருக்கு நள்ளிரவு ஆகிவிடும். இறங்கியதும் முதல் வேலையாக அவருக்குப் போன் செய்யுங்கள். நீங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது உங்களைத் தேடி ஆட்கள் காட்டுக்குள் போகக் கூடாதில்லையா?

நடக்கும்போது இருவருக்குள் ஓர் ஒப்பந்தம்

நண்பர்களுக்குள் இதெல்லாம் பேசக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் அடிவாரத்தில் டீக்கடையிலேயே பேசிவிடுங்கள். மெதுவாக நடப்பவர்தான் முன்னால் போக வேண்டும், வேகமானவர் பின்னால். எந்தக் காரணத்துக்கும் பிரியக் கூடாது. ‘நீ உக்காரு, நான் மேல போய் பாத்துட்டு வரேன்’ என்ற பேச்சே வேண்டாம். இருவரில் யார் ‘போதும், திரும்பலாம்’ என்றாலும் மற்றவர் மறுபேச்சுப் பேசாமல் திரும்ப வேண்டும். நான்கு பேர் இருந்தால் ஓட்டெடுப்பு நடத்தலாம். இரண்டு பேரில் தயங்குபவர் பேச்சுக்குத்தான் மதிப்பு.

திரும்பும் நேரத்தை முதலிலேயே குறித்துவிடுங்கள். 1892-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் என்ற மலையேற்றக்காரர் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. 5 கி.மீ. நடக்க ஒரு மணி நேரம், மேலே ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அதாவது மொத்தம் 10 கி.மீ. பாதையில் 600 மீட்டர் ஏற்றம் இருந்தால் 3 மணி நேரம். இது உட்காராமல் நடப்பவருக்கு. நம் காட்டுப் பாதை, நம் வெயில், நம் போட்டோ நிறுத்தங்கள் எல்லாம் சேர்த்துப் பாதி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். குறித்த நேரம் வந்துவிட்டால் உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்ப வேண்டியதுதான். மரங்களுக்கு அடியில் ஊரைவிடச் சீக்கிரமே இருட்டிவிடும்.

சாமான்களைப் பங்கு போடுவதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ஒருவர் பையில் சாப்பாடு முழுக்க, இன்னொருவர் பையில் மருந்து, டார்ச் முழுக்க. பிரிய நேர்ந்தால் இருவரும் பாதிக் கையோடு நிற்பார்கள். தண்ணீர், டார்ச், விசில், மழைக்கோட்டு, கொஞ்சம் கடலைமிட்டாய், ஒரு பாக்கெட் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி, இவை ஆளுக்கு ஒன்று. மதியத்துக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டால் கெட்டுப்போகாது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் சுமார் 6 டிகிரி குளிர் கூடும். கீழே வியர்க்கிறது என்று ஸ்வெட்டரை வண்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஏதாவது ஆகிவிட்டால்

வழி தவறியது போல் தோன்றினால் உடனே நில்லுங்கள். ‘ஓடையைப் பிடிச்சு இறங்கினா ஊர் வந்துடும்’ என்பார்கள். நம் மலைகளில் ஓடையைப் பிடித்து இறங்கினால் பெரும்பாலும் வழுக்குப் பாறையும் அருவியும்தான் வரும். தெரிந்த இடம் வரை வந்த வழியே திரும்பலாம். அது முடியாவிட்டால் திறந்த இடத்தில் ஒன்றாக உட்கார்ந்து, விசிலை மூன்று மூன்று முறையாக ஊதுங்கள். கத்துவதைவிட விசில் தூரம் போகும், தொண்டையும் வறளாது.

பாம்பு கடித்தால் வெட்டுவது, உறிஞ்சுவது, கயிறு இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. மோதிரம், கொலுசு, இறுக்கமான ஷூவைக் கழற்றிவிட்டு, கடிபட்ட காலை அசைக்காமல், 108-க்கோ 112-க்கோ சொல்லுங்கள். பாம்பைத் தேடிப் படம் எடுக்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் விஷமுறிவு மருந்து இலவசம். அந்த மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தைச் சேகரிப்பவர்களில் முக்கியமானவர்கள், 1978-இல் தொடங்கப்பட்ட வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார்.

யானைச் சாணம் சூடாக, ஈரமாகக் கிடந்தால் அது பக்கத்தில்தான் இருக்கிறது. செல்ஃபியை மறந்துவிட்டு, சத்தம் போடாமல் வந்த வழியே பின்வாங்குங்கள். ஒற்றை யானை என்றால் இன்னும் அதிகத் தூரம். காட்டுமாடு பார்க்கச் சாதுவாக நிற்கும், அதையும் நம்பி நெருங்காதீர்கள்.

தீயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நெருப்பு மேல்நோக்கி ஏறும்போது அதன் வேகம் கூடும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும். உயரமான காய்ந்த புல்வெளியில், மலைமேல் நோக்கி ஓடுகிறவரை அது எளிதில் பிடித்துவிடும். புகை தெரிந்ததுமே, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, பக்கவாட்டில் விலகுங்கள். வெறும் பாறை, ஓடைப் படுகை, ஏற்கெனவே எரிந்து கருகிய தரை, இவைதான் பாதுகாப்பான இடங்கள். காய்ந்த புல்லுக்குள் ஒளிவது ஆபத்து. பருத்தித் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். நைலான் உடை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், மலைக்குப் போகும்போது பருத்தி முழுக்கைச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும். சிகரெட்டும் தீப்பெட்டியும் அடிவாரத்திலேயே இருக்கட்டும், கேம்ப்ஃபயர் ஆசையும்தான்.

கால் பிசகிய நண்பரை விட்டுப் போகத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், முதலில் அவரை நிழலில், சமதளத்தில், பாதைக்கு அருகில் உட்கார வையுங்கள். தண்ணீர், ஸ்வெட்டர், விசில், அந்த அணைத்து வைத்த போன், எல்லாம் அவரிடம் இருக்கட்டும். இடத்தின் எண்களைக் காகிதத்தில் எழுதி நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குள் ஆளோடு திரும்புவேன் என்று சொல்லிவிட்டு நடங்கள், ஓடாதீர்கள். வழியில் கிளை பிரியும் இடங்களில் கல் அடுக்கி வைத்துக்கொண்டே போங்கள், திரும்பும்போது தேட வேண்டாம்.

இறங்கிய பிறகு

மலையை விட்டு இறங்கியதும் ஆபத்து முடிந்துவிட்டதாக நினைத்துப் பைக்கை முறுக்குவார்கள். கால் நடுங்கும், கண் சொக்கும், எதிரே கொண்டை ஊசி வளைவு. பின்னால் உட்கார்ந்தவர் தூங்கிச் சாய்ந்தால் வண்டியே ஆடும். அரை மணி நேரம் உட்கார்ந்து, சூடாக ஏதாவது சாப்பிட்டு, பிறகு கிளம்புங்கள். இறக்கத்தில் இஞ்சினை அணைத்துவிட்டு உருட்டாதீர்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். முதுமலை வழியாக பந்திப்பூர் பக்கம் திரும்புகிறவர்களுக்கு இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை சாலை மூடியிருக்கும். நேரமாகிவிட்டால் அடிவாரத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கிவிடுங்கள். தங்குகிறோம் என்பதையும் வீட்டில் காத்திருப்பவரிடம் சொல்லிவிடுங்கள், அவர் 8 மணியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.